துண்டு

இலங்கை மலையகத்தின் கூலி வரலாற்றை அறியச் சம்பளப் புத்தகத்தைவிட 'துண்டு' என்று தோட்டங்களில் சொல்லப்பட்ட சிறு காகிதமே அதிகம் உதவும். முன்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்த பெரிய கங்காணி, அவர்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் துண்டு கேட்பார். இவர்கள் பேரில் தோட்டத்துக்கு உள்ள இவ்வளவு கடனைக் கட்டினால் இத்தனை ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். பழைய கடனை அடைக்கும் புதிய துரை, கங்காணியைத் தன் பக்கம் இழுக்க மேலும் கொஞ்சம் முன்பணம் தருவார். அதுவும் கடனில் ஏறும். அடுத்த துண்டில் தொகை இன்னும் பெரிதாகும். அந்தச் சந்தையில் கைமாறியது உழைப்பு அல்ல, கடன்தான் என்பதே என் வாதம். ஆளுக்குத் தட்டுப்பாடு இருந்தும் கூலி அசையாமல் கிடந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

தோட்டக்காரர்கள் இதை மறுத்தார்கள். பிஜியில் இருந்ததுபோல ஐந்தாண்டு ஒப்பந்தம் இங்கே கிடையாது, ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு யாரும் போகலாம், ஆகவே இது சுதந்திரமான உழைப்பு என்றார்கள். சட்டத்தின் எழுத்துப்படி அது சரி. ஆனால் சொல்லாமல் போனவரைச் சிறைக்கு அனுப்ப 1865-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. முறைப்படி சொல்லிவிட்டுப் போனவரையோ, துண்டு இல்லையென்றால் அடுத்த தோட்டம் சேர்க்காது. வாசல் திறந்திருந்தது, போய்ச் சேர இடம் இல்லை.

தோட்டங்களில் முதலில் பயிரான கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் தேவைப்பட்டன. 1904-இல் ஆள் சேர்ப்பதற்கென்றே திருச்சிராப்பள்ளியில் ஓர் அலுவலகம் திறக்கும் அளவுக்குத் தேவை முற்றியது. இப்படிப்பட்ட போட்டியில் கூலி ஏறியிருக்க வேண்டும் என்று பொருளியல் படித்தவர் கேட்பார். போட்டி நடந்தது, ஆனால் ஏலத்தொகை போய்ச் சேர்ந்தது கங்காணியின் கைக்கு. காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. அவர் வருமானம் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, அவர்களுடைய கூலியைப் பொறுத்தது அல்ல. கங்காணி சொந்தக்காரர், ஊர்க்காரர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் கை கொடுத்தவர் என்பதை நான் மறுக்கவில்லை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கடல் தாண்டிய வழி பல குடும்பங்களுக்கு உயிர் கொடுத்தது. ஆனாலும் துரையிடம் உங்களுக்காகப் பேச வேண்டியவரே உங்களுக்குக் கடன் கொடுத்தவராகவும் இருந்தால் கூலி உயர்வைக் கேட்பது யார்?

1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. காகிதம் போனதும் சந்தை தானாகக் கூலியை உயர்த்திவிடவில்லை. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டமும், அதன்பின் கண்டியில் அமர்ந்த இந்திய அரசின் முகவரும் கொடுத்த அழுத்தம் தேவைப்பட்டது. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே கூலி குறிக்கப்பட்டது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இது என்னை இன்றும் உறுத்துகிறது.

வளைகுடாவுக்குப் போகும் நம்மவர்கள் 'என்.ஓ.சி.' என்று சொல்வது துண்டின் நெருங்கிய உறவு: பழைய முதலாளி எழுதிக் கொடுக்காமல் புதிய வேலைக்கு மாற முடியாத நிலை அங்கே இருந்தது. கத்தார் 2020-இல் அதை நீக்கியது. கூடவே மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளத்தையும் சட்டமாக்கியது. மலையகம் ஆறு ஆண்டு காத்திருந்து பெற்றதை அங்கே சேர்த்தே செய்தார்கள். ஆனால் விசாவுக்காக ஏஜென்ட்டிடம் கட்டிய பணத்துக்கு ஊரில் ஏறும் வட்டியைத் தோஹாவின் சட்டம் தொடாது.