வினைச்சொல்லாகிவிட்ட மனிதர்

'பாய்காட்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நாம் முன்பு 'பகிஷ்காரம்' என்றோம். பிறகு 'புறக்கணிப்பு' என்றோம். ஆனாலும் 'பாய்காட் பண்ணிவிட்டார்கள்' என்றால்தான் பலருக்குத் திருப்தி. இந்த வார்த்தை ஒரு காலத்தில் சட்டை போட்டுக்கொண்டு, குதிரை ஏறிப் போன ஒரு மனிதர் என்பதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது; கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அயர்லாந்தின் மேற்கே மேயோ ஜில்லா. அங்கே ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்த ஆங்கிலேயர், கேப்டன் சார்லஸ் பாய்காட். 1879ல் விளைச்சல் பொய்த்தது. மறு வருஷம் குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 தள்ளுபடி கேட்டார்கள். பிரபு 10க்கு மேல் இறங்கி வரவில்லை. வெளியேற்றும் நோட்டீசுகள் கிளம்பின.

அந்தச் செப்டம்பரில்தான் பார்னெல் என்ற தலைவர், துரத்தப்பட்டவனுடைய நிலத்தை எடுத்துக்கொள்பவனை அடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், ஒதுக்கி வைத்தால் போதும் என்று ஜனங்களுக்கு யோசனை சொல்லியிருந்தார். மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர் மீதே பிரயோகித்தார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை. வீட்டு வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை.

நவம்பரில் வடக்கேயிருந்து 50 தொண்டர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் பட்டாளமும் போலீசும் நூற்றுக்கணக்கில் வந்தன. சுமார் 500 பவுன் பெறுமானமுள்ள பயிரை வீடு சேர்க்கச் சுமார் 10,000 பவுன் செலவாயிற்று! கேப்டன் ஊரை விட்டுப் போனார்.

ஒதுக்கி வைப்பதற்கு இங்கிலீஷில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. குடியானவர் நாக்கில் அது புரளாது என்று, ஓமாலி என்ற பாதிரியார் காரியஸ்தர் பெயரையே வினைச்சொல்லாக்கினாராம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் சொல்லும் கதை இது. பிரெஞ்சும் ஜெர்மனும் ருஷ்யமும் அதைச் சுவீகரித்துக்கொண்டன. கேப்டன் 1897ல் காலமானார், வார்த்தை சாகவில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். தள்ளுபடியை மறுத்தவர் பிரபு. பெயர் கெட்டது காரியஸ்தருக்கு. எஜமான் வீட்டுப் பாவத்தைக் கணக்குப்பிள்ளை சுமப்பது எந்தத் தேசத்திலும் உண்டு போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வார்த்தைதான் அயர்லாந்திலிருந்து வந்தது. காரியம் நமக்குப் புதிதல்ல. 'ஊர் விலக்கு' என்று நம் கிராமங்கள் அதை வெகு காலமாக அறியும். ஆனால் இங்கே அதைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் பலசாலிகள். தண்ணீரும் நெருப்பும் மறுக்கப்பட்டவர்கள் ஏழைகள். மகாராஷ்டிரத்தில் 2016ல் இதற்கெதிராகத் தனிச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது.

எளியவன் கையில் அது கேடயம். வலியவன் கையில் கத்தி. கேப்டனுக்காவது காவலுக்குப் பட்டாளம் வந்தது. ஊர் விலக்கப்பட்ட கூலிக்காரன் வாசலுக்கு யார் வந்தார்கள்? அவன் பெயரில் எந்தப் பாஷையிலும் ஒரு வார்த்தை இல்லை.