மித்திலீன் விவாதம்

கி.மு. 427ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரின் மக்கள் அவையில் நடந்த விவாதம் மித்திலீன் விவாதம் எனப்படுகிறது. ஒரு நகரத்து ஆண்கள் அனைவரையும் கொல்வதா, வேண்டாமா என்பதே அன்று அவையின் முன் இருந்த கேள்வி. பேச்சு எவ்வாறு மக்களின் மனத்தை மாற்றுகிறது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. இதன் விவரங்களை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தம் நூலில் தருகிறார். உரைகளின் சொற்கள் அவருடையவை. பேசியவர்களின் கருத்தைத் தழுவியே உரைகளை எழுதியதாக அவர் கூறியுள்ளார்.

பின்னணி

ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் நடந்துகொண்டிருந்தபோது, லெஸ்போஸ் தீவிலுள்ள மித்திலீன் நகரம் கி.மு. 428இல் ஏதென்சுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. முற்றுகையால் உணவு குறைந்து, மறு ஆண்டு சரணடைந்தது. சினம் கொண்ட ஏதென்ஸ் மக்கள், அந்நகரின் வயது வந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் தீர்மானித்தனர். ஆணையுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. மறுநாள் பலருக்கு மனம் உறுத்தியது. அவை மீண்டும் கூடியது.

கிளியோனின் உரை

முதல் நாள் தீர்மானத்தைக் கொண்டுவந்த கிளியோன், அதை மாற்றக் கூடாது என்றார். அவர் மூன்று உத்திகளைக் கையாண்டார். முதலாவதாக, தாம் நேற்றைய கருத்திலேயே நிற்பதாகச் சொல்லித் தம்மை உறுதியானவராகக் காட்டினார். இரண்டாவதாக, எதிர்த்துப் பேசப்போகிறவர் கைக்கூலி பெற்றவராகவோ தம் சொல்திறனைக் காட்ட விரும்புபவராகவோதான் இருப்பார் என்று முன்கூட்டியே ஐயத்தை விதைத்தார். மூன்றாவதாக, நேர்ந்த துரோகத்தை நினைவூட்டி, மக்களின் சினம் ஆறாமல் பார்த்துக்கொண்டார். பேச்சைக் கூத்துப் பார்ப்பதுபோல் ரசிக்கிறார்கள் என்று மக்களையும் கடிந்துகொண்டார். நாவன்மையைப் பழித்த அந்த உரையே நாவன்மை மிக்கது.

டியோடோட்டசின் உரை

டியோடோட்டஸ் இரக்கத்தை நம்பிப் பேசவில்லை. அவசரமும் சினமும் நல்ல முடிவுக்குப் பகை என்று தொடங்கினார். மித்திலீன் மக்கள் குற்றவாளிகளா என்று விசாரிக்க இது நீதிமன்றம் அன்று, ஏதென்சுக்கு எது நன்மை என்பதே கேள்வி என்று விவாதத்தின் போக்கையே மாற்றினார். பிறகு காரணங்களை அடுக்கினார். மரண தண்டனை இருந்தும் குற்றங்கள் நிற்கவில்லை. சரணடைந்தாலும் சாவுதான் என்றால், இனிக் கிளர்ச்சி செய்யும் நகரங்கள் இறுதிவரை போரிடும். முற்றுகைச் செலவு கூடும். பாழான நகரிலிருந்து வருவாயும் வராது. ஆயுதம் கைக்கு வந்ததும் நகரை ஒப்படைக்க முன்வந்தவர்கள் பொதுமக்களே. அவர்களையும் கொன்றால் பிற நகரங்களின் பொதுமக்களும் பகையாவர்.

முடிவு

கை உயர்த்தி வாக்களித்ததில், மிகக் குறைந்த வேறுபாட்டில் டியோடோட்டசின் கருத்து வென்றது. உடனே இரண்டாவது கப்பல் அனுப்பப்பட்டது. முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்தியிருந்தது. துடுப்பு வலிப்போர் திராட்சை மதுவும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே உண்டனர், முறைவைத்து உறங்கினர். தளபதி பாக்கெஸ் முதல் ஆணையைப் படித்து நிறைவேற்ற முற்பட்ட வேளையில் அக்கப்பல் வந்து சேர்ந்தது. நகரம் தப்பியது. எனினும், கிளர்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் என்று ஏதென்சுக்கு அனுப்பப்பட்டிருந்தோர் கிளியோனின் முன்மொழிவின்படி கொல்லப்பட்டனர். அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்கிறது துசிடிடீசின் நூல்.

முக்கியத்துவம்

அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், பேச்சுக்கலை பற்றிய தம் நூலில், கேட்போரை இணங்கச் செய்யும் வழிகளை மூன்றாக வகுத்தார். அவை பேசுபவர் மீது எழும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் காரண வலிமை என்பன. கிளியோன் முதல் இரண்டையும் பெரிதும் சார்ந்தார். டியோடோட்டஸ் மூன்றாவதைச் சார்ந்தார். ஓர் உரை இவற்றில் எதைத் தொடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார். மித்திலீன் மக்களைக் காத்ததில் டியோடோட்டசின் திறமைக்குப் பங்கு உண்டு. முதல் நாள் எடுத்த முடிவை மறுநாள் திரும்ப எண்ணிப் பார்க்க முன்வந்த கேட்போருக்கும் அதே அளவு பங்கு உண்டு.