நாள் குறித்தலும் அஜலும்

போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பெரியவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மலையிறங்கி, போடி, தேனி, மதுரை என வைத்தியம் நீள்கிறது. கொடுத்த மருந்துகள் எதற்கும் நோய் கட்டுப்படவில்லை. அப்போது பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: "அத்தாவுக்கு இன்னும் எத்தனை நாள், டாக்டர்?" கேட்டபின் அவர்களுக்கே அச்சம் பிறக்கிறது. அஜல் அல்லாஹ்வின் கையிலிருக்க, இப்படிக் கேட்பது ஈமானுக்குக் குறைவாகுமோ?

இக்கேள்வி பழமையானது. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களுள் ஒன்று, நோயின் போக்கை முன்னறிவது பற்றியது. அதனை 9-ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்தார். அரபியில் அதன் பெயர் 'தக்திமத்துல் மஃரிஃபா'. அறிவை முற்படுத்துதல் என்பது பொருள். இது 'இல்முல் கைப்' அன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியதென்பதை லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் தெளிவாக்குகிறது. ஹகீம்கள் நோக்கியதோ முகத்தின் நிறம், மூச்சு, உறக்கம் முதலிய வெளிப்படையான அடையாளங்களை. அபூபக்கர் அர்ராஸி தாம் கண்ட நோயாளிகளின் நிலையையும் முடிவையும் குறித்து வைத்தார். குறித்துவைத்துப் பலரை ஒப்பிடுவதே இத்துறையின் அடிப்படை.

பிற்காலத்தில் அதே வழி கூர்மையடைந்தது. 1932-இல் லண்டன் மருத்துவர் கத்பர்ட் டூக்ஸ், மலக்குடல் புற்று எவ்வளவு ஆழம் ஊடுருவியது என்பதைக் கொண்டு நோயாளிகளை வகைப்படுத்தினார். 1940-களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் கார்னோஃப்ஸ்கி, நோயாளி தம் வேலையைத் தாமே செய்யும் வலிமையைப் பூஜ்யம் முதல் 100 வரை அளந்தார். 2017-இல் இத்தாலிய மருத்துவர்கள், மருந்துகள் பலன் தராத நிலையில் பன்னிரண்டு வாரங்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பைக் கணிக்க நான்கு அடையாளங்களை எடுத்துக்கொண்டனர்: நடமாடும் வலிமை, முதற்கட்டி அறுத்தெடுக்கப்பட்டதா என்பது, இரத்தத்தில் எல்.டி.எச். அளவு, வயிற்றின் உட்சவ்வில் நோய் பரவியதா என்பது.

ஆனால், இவை தரும் எண் எத்தகையது? ஏலத் தோட்டக்காரர் பூச்சரங்களைப் பார்த்து இந்தக் காய் எடுப்பில் இவ்வளவு தேறும் என்கிறார். சரிவு முழுவதற்கும் அது ஏறக்குறைய ஒத்துவரும். குறித்த ஒரு செடியைப் பற்றி அவரால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மருத்துவர் ஆறு மாதம் என்றால், இதே நிலையிலுள்ளோரில் பாதிப்பேர் அதற்கு முன்னும், பாதிப்பேர் அதற்குப் பின்னும் மரிப்பார்கள் என்பதே பொருள். நம் அத்தா எந்தப் பாதியில் என்பதை எந்தக் கணக்கும் அறியாது.

அந்த எண்ணும் நிலையானதன்று. இந்நிலையினருக்கு 2013-இல் வெளியான ஆய்வில், ரெகோராஃபெனிப் உண்டோரின் நடு ஆயுள் 6.4 மாதம், உண்ணாதோருக்கு 5 மாதம். 2023-இல் வேறிரு மருந்துகளோடு பெவாசிசுமாப் சேர்த்தபோது அது 10.8 மாதமாயிற்று, சேர்க்காதோருக்கு 7.5. ஆதாயம் சில வாரங்களோ சில மாதங்களோதான். தோட்டத்தை விற்று மருந்து வாங்குமுன் குடும்பம் இதை அறிந்திருக்க வேண்டாமா?

ஆகவே கேட்பது பாவமன்று. எண்ணை விதியெனக் கொள்வதே பிழை. வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரு இரவுகள் கழியலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கடனைத் தீர்க்கவும், பிணக்குற்றோரிடம் பொறுப்புத் தேடவும், வலி தணித்து வீட்டில் வைத்துப் பார்க்கவும் முன்னறிவு அவகாசம் தருகிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீடு தேடி வந்து வலி தணிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

பிள்ளைகள் கேட்கட்டும், மருத்துவர் கனிவோடு சொல்லட்டும், பெரியவர் அறிய விரும்பினால் அவரிடமும் மறைக்க வேண்டாம். நாளை அல்லாஹ் அறிவான். இன்று செய்ய வேண்டியதை நாம் அறிவோம்.