பழங்கற்படி: திருப்பணியும் வரலாற்றுக் காப்பும்

பழங்கட்டடங்களைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் மேலைநாட்டார் வரவால் நமக்கு வாய்த்தது என்றும், நம் முன்னோர் பழையனவற்றை இடித்துப் புதியன எழுப்புவதிலேயே கருத்தூன்றினர் என்றும் கூறுவார் உளர். இக்கூற்றில் ஒரு பாதி உண்மை. மற்றொரு பாதி ஆராய்தற்குரியது. திருப்பணி செய்தோர் கட்டடத்தை மாற்றினர்; ஆயின், அக்கட்டடம் தாங்கி நின்ற எழுத்தைக் காத்தனர். இதற்குச் சான்றாவன கல்வெட்டுகளே. அவற்றுள் மூன்றனை ஈண்டு எடுத்துக்காட்டி, அவற்றால் நாம் பெற்றனவும் இழந்தனவும் யாவை என ஆராய்வாம்.

முதலாவது, வேலூர் மாவட்டத்துத் திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிற் கல்வெட்டு. மண்டபத்தை இடித்துக் கட்டுதற்கு முன்பு, அதன்கண் இருந்த பல்லவர் காலத்துக் கல்வெட்டினைப் படியெடுத்து வைத்து, மண்டபம் எழுந்த பின்னர் மீண்டும் பொறித்தனர் என்பது அதனால் அறியக் கிடக்கின்றது.

இரண்டாவது, காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிக்காவல். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமாகிய செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக்கினார். அஞ்ஞான்று அங்குக் கிடந்த பழங்கற்களில் இருந்த 20-க்கும் மேற்பட்ட சாசனங்கள் புதிய சுவர்களிற் பொறிக்கப்பட்டன. பழங்கல்லினின்று எடுத்த படி என்னும் பொருளில் ‘பழங்கற்படி’ என்று அவற்றைக் குறித்துள்ளமை போற்றத்தக்கது. மூலம் இது, படி இது என வேறுபடுத்திக் காட்டும் நேர்மை அச்சொல்லில் விளங்குகின்றது. நிருபதுங்கவர்மன் முதலிய முற்பட்ட வேந்தர் காலத்து நிவந்தங்கள் இவ்வூரில் நமக்குத் தெரிய வருவது இப்படிகளாலேயே ஆகும்.

மூன்றாவது, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி. முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் இக்கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டுமாறு ஆணையிட்டான். அதற்கு முன்னர்ச் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாறும் பணித்தான். அவை முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1026-இல், மீண்டும் கல்லேறின. இடைப்பட்ட ஆண்டுகள் பதின்மூன்று. அரசன் மாறியும் ஆணை மறக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வளவு கருத்துடன் எழுத்தைக் காத்தமைக்குக் காரணம் யாது? வரலாற்றார்வம் என்று கூறின் அது மிகையாகும். கல்வெட்டு என்பது உரிமை ஆவணம். நுந்தாவிளக்கு ஒன்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ 90 அளிக்கப்பட்டது என்றால், அவ்வாடுகளைப் பெற்றவன் நாள்தோறும் நெய் அளத்தற்கு அக்கல்லே சான்று. கல் அழியின் அறமும் அழியும். ஆகவே அவர்கள் காத்தது அறத்தின் தொடர்ச்சியை. அதனோடு வரலாறும் காக்கப்பட்டது.

இம்முறையால் நேர்ந்த இழப்பினையும் மறைத்தல் கூடாது. பழைய கட்டடத்தின் அமைப்பும் அளவும் படியில் இல்லை. எழுத்தின் வடிவமும் மறைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு வேந்தன் ஒருவனின் சாசனம் பத்தாம் நூற்றாண்டு எழுத்தில் நிற்கும்போது, எழுத்தமைதி ஒன்றையே கொண்டு காலம் கணிப்போர் வழுவுவர். ஆராய்ச்சி மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பிற்காலத்தில் எழுத்தைக் காக்கும் இவ்வழக்கமும் தளர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிற் கற்கள் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுதற்காகப் பெயர்க்கப்பட்டன. ஐம்பது ஆண்டு கழிந்து, 1886-இல் ஊல்ச் அரசாங்கக் கல்வெட்டறிஞராக அமர்ந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அப்பணி தொடங்குதற்கு முன்னர்ப் பெயர்க்கப்பட்ட சுவர்கள் கூறியவற்றை இனி அறிதற்கு வழியில்லை.

தொன்மைச் சின்னங்களைக் காக்க 1904, 1958, 1966 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் பிறந்தன. ஆயினும் வழிபாட்டிலுள்ள கோயில்களுட் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் என்னும் பட்டியலுள் அடங்குவன அல்ல. அவற்றிற் சிலவற்றில் மணல் வீச்சு முறையாற் சுவர்களைத் தூய்மை செய்தமையால் எழுத்துகள் தேய்ந்தன. சுண்ணமும் சிமெண்டும் வேறு சிலவற்றை மறைத்தன. 2021 சூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம் தொன்மைச் சின்னங்கள், கோயில்கள் ஆகியவற்றின் காப்புக் குறித்து 75 ஆணைகள் பிறப்பித்தது இந்நிலையின் இன்றியமையாமையைக் காட்டும்.

சட்டம் செய்வது ஒருபுறம் இருக்க, தமிழ்த்துறையினராகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஓர் ஊரிற் பாலாலயம் நிகழவிருக்கின்றது என்று அறிந்தவுடனே, உரியோரின் இசைவு பெற்றுச் சென்று, அக்கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுத்தலும், முன்னரே பதிப்பானவற்றொடு ஒப்பிடுதலும், ஒவ்வொன்றும் எச்சுவரில் எவ்விடத்துள்ளது என்று குறித்தலும் நம் கடன். எழுதுகோலும் ஏடுமே கொண்டு திருமழபாடியார் செய்ததனை நிழற்படக் கருவியும் மைப்படித் தாளும் உடைய நாம் செய்யாதொழியின், பழமை போற்றாதவர் என்னும் பழி முன்னோரைச் சாராது, நம்மையே சாரும்.