கலைப்பாடப் பேராசிரியர் நன்றாகக் கற்பிக்கிறார் என்பதை அளப்பது எப்படி?

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அந்த நாளில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஒரு தத்துவப் பேராசிரியர். அவர் பிறந்த திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அவருடைய பள்ளிப் படிப்பில் சில ஆண்டுகள் திருப்பதியில் கழிந்தன.

இன்று பங்காருபாளையத்தில் இருந்து பஸ் ஏறி சித்தூருக்கோ திருப்பதிக்கோ வரலாறு, பொருளாதாரம் படிக்கப் போகும் மாணவருக்கு, நல்ல ஆசிரியர் கிடைப்பது வாழ்க்கையையே மாற்றலாம். ஆனா, அந்த ஆசிரியரின் உழைப்பு கணக்கில் வருகிறதா?

தேசிய விருது யாருக்கு?

தேசிய நல்லாசிரியர் விருது 2023-ல்தான் உயர்கல்விக்கு விரிவாக்கப்பட்டது. அந்த ஆண்டு உயர்கல்வியில் 13 பேருக்கும், 2024-ல் 16 பேருக்கும், 2025-ல் 21 பேருக்கும் வழங்கப்பட்டது. சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய் பரிசு.

கலை, சமூக அறிவியல், மொழிகள், சட்டம், வணிகம், மேலாண்மை எல்லாம் ஒரே பிரிவில் வருகின்றன. கற்பித்தல் திறனுக்கும் சமூகப் பணிக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள்தான் தகுதி பெறுவார்கள். வகுப்பறையை நகர்த்திக்கொண்டு போகும் கெஸ்ட் லெக்சரர்களுக்கு இங்கே இடமில்லை.

பதவி உயர்வில் கற்பித்தலுக்கு என்ன மதிப்பு?

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தால் 'நன்று'. 70 முதல் 80-க்குள் என்றால் 'திருப்தி'. அதற்குக் கீழே போனால் திருப்தியில்லை. அதாவது, எத்தனை வகுப்பு எடுத்தார் என்பதுதான் கணக்கு. எப்படி எடுத்தார் என்பது இதில் தெரியாது.

ஆய்வுக்கோ துல்லியமான கணக்கு இருக்கிறது. கலைப்பாடங்களில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. இணைப் பேராசிரியர் ஒருவர் பேராசிரியராக உயர குறைந்தது 10 கட்டுரைகளும் 110 ஆய்வுப் புள்ளிகளும் வேண்டும். நேரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

கலைப்பாடங்களில் சிக்கல் ஏன் அதிகம்?

பொறியியலில் வேலைவாய்ப்பு, காப்புரிமை என்று காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். தெலுங்கு அல்லது தமிழ் வழியில் படித்து வந்த மாணவரை, ஒரு ஆங்கில நூலைப் படித்துக் கேள்வி கேட்கும் அளவுக்குக் கொண்டுவருவது மூன்று வருஷ வேலை. அது மதிப்பெண் பட்டியலில் தெரியாது.

மாணவர்களிடம் கேட்பதில்லையா?

கேட்கிறார்கள். நாக் தர மதிப்பீட்டில் 2017 முதல் மாணவர் திருப்தி சர்வே இருக்கிறது. ஆனால் அது கல்லூரிக்கான மதிப்பெண், தனி ஆசிரியருக்கானது அல்ல. தவிர, கறாராகத் திருத்தும் ஆசிரியருக்கு அன்றைக்கே நல்ல பெயர் கிடைப்பதும் அரிது.

வேறு என்ன பார்க்கலாம்?

ஒன்று, அவர் தயாரித்த கேள்வித்தாள்: மனப்பாடத்தைக் கேட்கிறதா, யோசிக்கச் சொல்கிறதா? இரண்டு, மாணவர் கட்டுரையில் அவர் எழுதிய திருத்தங்கள். மூன்று, சக ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதும் குறிப்பு. நான்கு, படிப்பை முடித்துச் சில வருஷம் ஆன பழைய மாணவர்களின் கருத்து.

நான்காவது உங்கள் கையில் இருக்கிறது. வேலைக்குப் போன பிறகும் உதவும் ஒரு வகுப்பு நினைவிருந்தால், "நல்லா நடத்துவார்" என்று மட்டும் சொல்லாமல், எதை, எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். கெஸ்ட் லெக்சரருக்கும் எழுதலாம், அதற்கு எந்த விதியும் தடையில்லை.