'ஐ.நா. சபை' என்றால் எந்தச் சபை? மொழிபெயர்ப்பு மாணவர்களுக்கு முதல் பாடம்

"இலங்கைக்கு எதிராக ஐ.நா. சபையில் தீர்மானம்" என்று தலைப்பு வந்ததும் தமிழர் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். இனி அந்த நாடு கட்டுப்பட்டே ஆகவேண்டுமா? செய்தியைக் கடைசி வரி வரை படித்தும் பதில் கிடைக்காமல் போவதுண்டு. தீர்மானத்தை நிறைவேற்றியது எந்த அமைப்பு என்பது மொழிபெயர்ப்பில் தொலைந்துபோயிருக்கும்.

மொழிபெயர்ப்புப் பள்ளிகளில் மொழிப் பயிற்சியோடு அனைத்துலக அமைப்புகளைப் பற்றியும் கற்றுக்கொடுப்பது இதனால்தான். சொல்லுக்குச் சொல் தெரிந்தால் போதாது. பேசுவது யார், அவருக்கு என்ன அதிகாரம் என்பது தெரிந்தால்தான் சரியான சொல் கைக்கு வரும்.

தமிழில் இந்தச் சிக்கல் சற்று அதிகம். ஐக்கிய நாடுகள் அமைப்பு முழுவதையும் 'சபை' என்கிறோம். அதன் ஓர் அங்கமான பொதுச் சபையும் சபைதான். பாதுகாப்பு மன்றத்தைச் சிலர் பாதுகாப்புச் சபை என்று எழுதுகிறார்கள். ஆனால் இவற்றின் அதிகாரம் ஒன்றல்ல. பாதுகாப்பு மன்றத்தின் முடிவுகளை ஏற்று நடக்க உறுப்பு நாடுகள் ஐ.நா. சாசனத்தின் 25-ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டுள்ளன. பொதுச் சபையின் தீர்மானங்களோ, வரவு செலவு போன்ற உள் விவகாரங்களைத் தவிர, பரிந்துரைகளே.

வகுப்பில் இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐ.நா. ஆவணம் ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் ஒரு குறியீடு இருக்கும். 'ஏ' என்று தொடங்கினால் பொதுச் சபை. 'எஸ்' என்றால் பாதுகாப்பு மன்றம். 'இ' என்றால் பொருளாதார, சமூக மன்றம். 'ஏ' எழுத்தை அடுத்து 'எச்ஆர்சி' என்று வந்தால் அது ஜெனீவாவில் கூடும் மனித உரிமை மன்றம். மாணவர்கள் முதல் வாக்கியத்தைத் தொடுமுன் இந்த மூலையைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் பெரும்பாலும் ஜெனீவாவில்தான் இருக்கிறது. 2006-இல் அமைக்கப்பட்ட மனித உரிமை மன்றத்தில் 47 நாடுகள் உறுப்பினர்கள், வாக்களிப்பது அரசாங்கங்கள். மனித உரிமைக் குழு என்பது வேறு. அதில் இருப்பவர்கள் 18 நிபுணர்கள். மனித உரிமை ஆணையர் அலுவலகம் இன்னொன்று, அது ஐ.நா. செயலகத்தைச் சேர்ந்தது. இவை போதாதென்று, அகதிகளுக்கான ஆணையர் அலுவலகமும் அதே ஊரில்தான் தலைமையகம் கொண்டுள்ளது. கோலாலம்பூரில் அகதிகளுக்கு அட்டை வழங்குவது இந்தக் கடைசி அலுவலகம். நான்கையும் 'ஐ.நா. மனித உரிமை ஆணையம்' என்று ஒரே பெயரில் எழுதிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பு, வாசகரைத் தவறான கதவில் தட்டவைக்கிறது.

2021 மார்ச் மாதம் இலங்கை குறித்து நிறைவேறிய 46/1 தீர்மானம் நல்ல பாடம். மனித உரிமை மன்றத்தில் 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 நடுநிலை வகித்தன. அது இலங்கையைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆணை அல்ல. ஆனால் வெறும் வார்த்தையும் அல்ல. சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. "ஐ.நா. உத்தரவு" என்று எழுதினால் பொய்யான நம்பிக்கை. "பயனற்ற தீர்மானம்" என்று எழுதினால் அதுவும் பொய். உறவுகளை இழந்து காத்திருப்பவர்கள் படிக்கும் செய்தி அது என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கக்கூடாது.

வினைச்சொற்களிலும் இதே கவனம் வேண்டும். தீர்மானம் ஒன்றில் ஓர் அறிக்கை 'கவனத்தில் கொள்ளப்படுகிறது' என்றிருந்தால், அதற்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்பது ஐ.நா. வழக்கு. அதை 'வரவேற்றது' என்று தமிழாக்குவது பிழை. 'முடிவு செய்கிறது', 'வலியுறுத்துகிறது', 'கேட்டுக்கொள்கிறது' ஆகியவற்றையும் அலங்காரத்துக்காக மாற்றி மாற்றிப் போடமுடியாது.

ஹேக் நகரில் உள்ள இரு நீதிமன்றங்களை மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு விளக்குவது கடினமல்ல. பத்து பூத்தே தீவு யாருக்கு என்று 2008-இல் தீர்ப்பளித்தது அனைத்துலக நீதிமன்றம். அது நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிப்பது. 2019 மார்ச்சில் மலேசியா இணைந்து, ஏப்ரலில் விலகுவதாக அறிவித்த ரோம் சாசனம், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு உரியது. அது தனி நபர்களை விசாரிப்பது, ஐ.நா.வின் அங்கமும் அல்ல.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம். தோட்டத் தொழிலாளர்களுக்காக அது 1958-இல் இரண்டு ஆவணங்களை நிறைவேற்றியது. இரண்டுக்கும் எண் 110. ஒன்று உடன்படிக்கை, மற்றொன்று பரிந்துரை. சம்பளம், குடியிருப்பு, மருத்துவ வசதி, பேறுகாலப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் உடன்படிக்கையில் உண்டு. ஆனால் அரசாங்கம் முறைப்படி ஏற்புறுதி அளித்தால்தான் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். இலங்கை அளித்திருக்கிறது, மலேசியா அளிக்கவில்லை. பரிந்துரை எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. 'எண் 110' என்று மட்டும் எழுதும் மாணவர், தொழிலாளிக்கு எந்தத் தாளைக் காட்டுகிறார்?

அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறும் ஐ.நா.வின் அலுவல் மொழிகள். அந்த மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஐ.நா.வே கலைச்சொல் தரவுத்தளம் வைத்திருக்கிறது. தமிழுக்கு அந்த வசதி இல்லை. மணவை முஸ்தபா ஆசிரியராகப் பணியாற்றிய, 1967 முதல் வெளிவந்த யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பு, அனைத்துலகச் செய்திகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் புழக்கத்தில் விட்டது. இன்று அந்தப் பணி பெரும்பாலும் செய்தி அறைகளில், இரவு அச்சுக்குப் போகும் அவசரத்தில் நடக்கிறது.

ஆசிரியர்கள் வகுப்பில் தரக்கூடிய பயிற்சி இது: ஒரே தீர்மானம் பற்றிய செய்தியைக் கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னை, யாழ்ப்பாணம் நாளேடுகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த அமைப்பின் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று அடிக்கோடிடச் சொல்லவேண்டும். பிறகு மூல ஆவணத்தின் மேல் மூலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.