கடைமடைக்கு வந்த எந்திரம்

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடை பேராவூரணிப் பக்கம். மேட்டூரில் மதகைத் தூக்கினால் தண்ணீர் இங்கே எட்டிப் பார்க்க நாளாகும். கணினி சொல்லும் எண்களின்படி பலகையைத் தானே வெட்டும் சிஎன்சி ரூட்டர், அதிலும் மரத்தில் செய்தது, அப்படி நெடுந்தூரம் வந்த பொருள்தான். அமெரிக்க விமானப் படையின் பணத்தில் பிறந்த யோசனை, அறுபது ஆண்டு போல நடந்து, பிளைவுட்டும் பேரிங்கும் வைத்து ஒரு தச்சுப் பட்டறையிலேயே கட்டிக்கொள்ளும் அளவுக்கு எளிதாகிவிட்டது.

அதன் பிறப்பில் தச்சர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சி உண்டு. 1940-களில் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவு பிசகாமல் வரவேண்டும். அவரும் பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனும் ஐபிஎம் துளையட்டைக் கருவிகளை வைத்து அந்த வளைவின் மேல் நெருக்க நெருக்கமாகப் புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். பட்டறையில் ஒருவர் எண்களை உரக்க வாசிப்பார். ஒருவர் நீளவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார், இன்னொருவர் அகலவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். ஒருவர் அளவு சொல்ல மற்றவர் கோடு போடுவது எந்த மரப் பட்டறையிலும் நடப்பதுதான். பார்சன்ஸ் கேட்ட கேள்வி: வாசிப்பதையும் சுற்றுவதையும் ஒரு கருவியே செய்தால் என்ன? 1949-இல் விமானப் படை ஒப்பந்தம் கிடைத்தது. வேலை அமெரிக்கத் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் ஆய்வகத்துக்குப் போனது. 1952-இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்துத் தானே வெட்டும் எந்திரத்தை அங்கே ஊரறியக் காட்டினார்கள். வெற்றிடக் குழாய்கள் அடைத்த அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, வெட்டும் எந்திரத்தைவிடப் பெரிது.

பிறகு பல காலம் அது பெரிய ஆலைகளின் சொத்து. அதைச் சிறு பட்டறைவரை கீழே இறக்கியவர்கள், எழுதியதைப் பூட்டி வைக்காமல் கொடுத்தவர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மலிவான மோட்டாருக்குத்தான் எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகை பிறந்தது. அதன் வரைபடமே பொதுவில் கிடைத்தது. 2009-இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் அந்தப் பலகைக்காக, எந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் என்ற நிரலை எழுதி இலவசமாக விட்டார். சங்குன் ஜியோன் என்பவர் பின்னர் அதை ஏற்று வளர்த்தார். எம்ஐடியில் ஒரு பெட்டி நிறைய இருந்த மூளை, 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது. அதே 2009-இல் ஹூட்-டேனியலும் கெல்லியும் எழுதிய புத்தகம், வீட்டில் மரப்பலகையிலேயே இந்த எந்திரத்தைக் கட்ட வழி காட்டியது.

இப்போது மரத்துக்கு வருவோம். டெல்டாவில் மரத்தால் எந்திரம் கட்டுவது துணிச்சலான காரியம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நிலைக்கதவு பிடித்துக்கொள்வதும் சித்திரையில் இடுக்கு விடுவதும் இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறது. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அகலவாட்டில்தான் ஊதிச் சுருங்கும். அதனால் ஒற்றைப் பலகைத் தேக்கு எவ்வளவு உசத்தியானாலும் இந்த வேலைக்கு உகந்ததல்ல. ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்குக்குக் குறுக்காக ஒட்டிய பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தும். அதிலும் ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் ஈரத்துக்குத் தாங்கும். எம்டிஎஃப் பலகை நல்ல சமதளம்தான், ஆனால் விளிம்பில் தண்ணீர் குடித்து வீங்கும். அதை வாங்கினால் எல்லா விளிம்புக்கும் சீலர் அடித்தே தீரவேண்டும்.

மோட்டாரையும் மின்னணுப் பலகையையும் விட்டால் மற்றதெல்லாம் ஹார்டுவேர் கடைச் சாமான். ஓடுபாதைக்கு அலுமினிய எல் ஆங்கிள். அதன் மேல் உருள 608 பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர் என்பதால் எம்8 போல்ட் அப்படியே நுழையும். அதே எம்8 அளவு த்ரெட் ராடுதான் வண்டியை இழுக்கும் திருகு. வெட்டுவதற்கு ஆசாரியிடம் ஏற்கெனவே இருக்கும் ட்ரிம்மர் போதும். நுண்ணிய பிட்டுகளின் காம்பு 3.175 மில்லிமீட்டர். விசித்திரமான எண்ணாகத் தோன்றும். நம் தச்சர்கள் கணக்கில் சரியாக ஒரு நூல்.

கட்டி முடித்த அன்று எந்திரம் ஓடும், ஆனால் அதை நம்ப முடியாது. நம்பும்படி ஆக்குவது அதன் பிறகு வரும் வேலை. எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் பிடித்தது. முதலில் கணக்கு. திருகைச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். மோட்டாரை இயக்கும் டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. எம்8 ராடின் புரி இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 1280 படி. இதை நிரலில் எழுதி, 300 மில்லிமீட்டர் போகச் சொல்லி அளந்து பார்க்க வேண்டும். 299.4 வந்தால் 1280-ஐ 300-ஆல் பெருக்கி 299.4-ஆல் வகுத்து 1282.57 என்று திருத்தலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. போகும்போது ஓர் அளவு, திரும்பும்போது வேறு அளவு வருகிறதென்றால் குற்றம் எண்ணில் இல்லை. நட்டுக்கும் திருகுக்கும் நடுவே ஆட்டம் இருக்கிறது. இரண்டு நட்டுக்கு இடையே ஸ்பிரிங் வைத்து அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டுத்தான் எண்ணைத் தொடவேண்டும். ஆட்டத்தைக் கணக்கால் மறைத்தால் வட்டம் முட்டை வடிவில் வரும்.

அடுத்தது மூலைமட்டம். கொத்தனார் மூன்றடி, நான்கடி, ஐந்தடி வைத்து அஸ்திவார மூலை பார்ப்பார். எந்திரத்துக்கும் அதே சோதனை: 300-க்கு 400 மில்லிமீட்டர் செவ்வகத்தின் நான்கு முனையிலும் துளையிட்டு, இரு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். இரண்டும் 500 வரவேண்டும். ஒன்றுக்கொன்று 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், அந்த 400 பக்கம் சுமார் 1.7 மில்லிமீட்டர் சாய்ந்து ஓடுகிறது என்று பொருள். ட்ரிம்மரைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் பாலத்தின் ஒரு காலைத் தளர்த்தி நகர்த்தி, மறுபடி துளையிட்டு, மறுபடி அளக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், குறுக்குவழி இல்லை.

பிறகு பிட் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. வளைத்த கம்பியை, பிட்டைப் பிடிக்கும் கோலெட்டில் மாட்டி, மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றினால், ஒரு பக்கம் பலகையை உரசும், எதிர்ப்பக்கம் தூக்கி நிற்கும். ட்ரிம்மர் தாங்கிக்கு அடியில் காகிதத் துண்டு வைத்துச் சமன் செய்யலாம். சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். கடைசியாக, அகல பிட்டை மாட்டி, எந்திரத்தையே தன் படுக்கைப் பலகையைச் சீவச் சொல்ல வேண்டும். அதோடு படுக்கை எந்திரத்தின் ஓட்டத்துக்கு இணையாகிவிடும்.

கரண்ட் போவதையும் கணக்கில் வைக்கவேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் தான் எங்கே நிற்கிறது என்று திரும்பிச் சொல்லாது. நிரல் எண்ணிக்கொண்டே போகும். மின்சாரம் நின்றால் எண்ணிக்கை அழிந்துவிடும். மூலையில் லிமிட் சுவிட்ச் வைத்து, தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தால், பாதியில் நின்ற கதவுப் பூவேலையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனி அதில் வெட்டும் மரத்தைப் பற்றி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தேக்கும் பலாவும் மாவும் விழுந்தன. பலாவை உளி நன்றாக அறியும். தஞ்சாவூர் வீணை அதில்தான் பிறக்கிறது. தென்னை வேறு சாதி. அதற்கு ஆண்டு வளையம் கிடையாது, வெளிப்பக்கம் கறுத்து இறுகியிருக்கும், நடுப்பக்கம் சோறு போல மெத்தென்றிருக்கும். வெளிப்பக்கப் பலகையை மட்டும் எடுத்துக் காயவைத்து, கார்பைடு பிட்டால் ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம் என்று மெல்ல வெட்டினால் புள்ளிபுள்ளியான நார் ஓட்டம் அழகாகத் தெரியும். சாதாரண எஃகு பிட் அதில் சீக்கிரம் மழுங்கிவிடும்.

மழைக்காலம் முடிந்ததும் மூலைவிட்டங்களை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும், கோடையில் மறுபடியும். திருத்திய எண்களைப் பட்டறைச் சுவரில் எழுதிவைப்பது நல்லது. அடுத்த பட்டறைக்காரர் வந்து கேட்டால் அந்த எண்களைக் கொடுப்பதில் பயனில்லை, அவருடைய ராடுக்கும் நட்டுக்கும் வேறு எண்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியது பாலத்தின் இரு கால்கள், மோட்டார் தாங்கி, பேரிங் தட்டு ஆகியவற்றின் வரைபடம். சீராக ஓடத் தொடங்கிய எந்திரத்தில் மரைன் பிளைவுட்டை ஏற்றினால் அந்தத் துண்டுகளை அதுவே வெட்டித் தரும், கையால் அறுத்த முதல் எந்திரத்தின் துண்டுகளைவிடத் துல்லியமாக.